வாசகர் கேள்வி பதில்: படிப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள்

படித்ததைப் புரிந்துகொள்வது குறித்து வாசகர்கள் எழுதலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காரைக்குடியிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்தவை. பல கடிதங்கள் ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் ஆறு கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

என் மகன் எட்டாம் வகுப்பில் படிக்கிறான். பாடத்தைத் தடங்கலின்றி வாசிக்கிறான். பாடத்தின் பின்னால் உள்ள கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதிவிடுகிறான். ஆனால் தேர்வில் புதிதாக ஒரு பத்தியைக் கொடுத்து வினாக் கேட்டால் தடுமாறிப் போகிறான். "படிச்சேன், புரியலை" என்கிறான். என்ன புரியவில்லை என்று கேட்டால் அதைச் சொல்லத் தெரியவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு தாய், காரைக்குடி

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகள்தாம் முக்கியமானவை. எது புரியவில்லை என்பதே தெரியாமல் இருப்பதுதான் உங்கள் மகனின் சிக்கல். பாடத்தின் பின்னால் உள்ள கேள்விகளுக்குப் பதில் எழுதப் பாடம் புரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கேள்வியில் 'தேக்கு' என்ற சொல் வந்தால், பாடத்தில் அந்தச் சொல் வரும் வரியைத் தேடிப் பிடித்து அப்படியே எடுத்தெழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். இந்தச் சொல்வேட்டையில் நம் பிள்ளைகள் கைதேர்ந்தவர்கள். அதைப் படிப்பு என்று நாமும் நம்பிவிடுகிறோம்.

எலன் மார்க்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உங்கள் மகனைப் பற்றியே எழுதப்பட்டது போல இருக்கும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் கொடுத்த சிறு கட்டுரைகளில் ஒன்றில், கடலின் அடியில் வெளிச்சமே கிடையாது என்று ஒரு வரியும், அங்கே வாழும் சில மீன்கள் தம் உணவை அதன் நிறத்தைப் பார்த்து அறிகின்றன என்று இன்னொரு வரியும் இருந்தன. இருட்டில் நிறம் எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டிய இடம் அது. பிள்ளைகளில் பலர் அந்த முரண்பாட்டைக் கவனிக்கவே இல்லை. கட்டுரை நன்றாகப் புரிந்துவிட்டது என்றே எண்ணினார்கள். ஒவ்வொரு வரியும் தனித்தனியே புரிந்திருந்தது. இரண்டு வரிகளையும் சேர்த்துப் பார்க்கும் வேலை மட்டும் நடக்கவில்லை. அந்த வேலையைச் செய்ய வைப்பது, படிப்பவர் தமக்குள் எழுப்பிக்கொள்ளும் கேள்விதான்.

வீட்டில் எப்படித் தொடங்குவது என்பதற்கு, உங்கள் ஊர்ப் பிள்ளைக்குப் பழக்கமான பொருளில் ஒரு பத்தியை எழுதித் தருகிறேன்:

"செட்டிநாடு மழை குறைந்த பகுதி. இங்குள்ள பெரிய வீடுகள் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முற்றத்தைச் சுற்றியுள்ள ஓட்டுக் கூரைகள் உட்புறமாகச் சரிந்திருப்பதால் மழைநீர் முற்றத்தில் வந்து இறங்கும். தூண்களுக்கும் கதவுகளுக்கும் வேண்டிய தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. இன்று இவ்வீடுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. திருமணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் உறவினர் கூடும்போது திறக்கப்படுகின்றன."

தேக்கு எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. அதற்கான விடையை ஒரே வரியில் விரல் வைத்துக் காட்டிவிடலாம். மழை குறைந்த ஊரில் கூரையை ஏன் உட்புறமாகச் சரித்துக் கட்டினார்கள் என்பது அடுத்த வகை. முதல் வரியையும் மூன்றாம் வரியையும் சேர்த்துப் பார்த்தால்தான், கிடைக்கிற நீரைத் தெருவுக்கு விடாமல் வீட்டுக்குள்ளேயே சேர்த்துக்கொள்வதற்காக இருக்கலாம் என்ற விடை உருவாகும். அவ்வளவு பெரிய வீட்டைக் கட்டியவர்களின் குடும்பங்கள் இன்று எங்கே இருக்கின்றன என்பது மூன்றாவது வகை. பத்தி அதற்குக் குறிப்பு மட்டுமே தருகிறது; மீதியைப் பிள்ளை தன் வீட்டிலும் தெருவிலும் கண்டு கேட்டு அறிந்ததிலிருந்து கொண்டுவர வேண்டும். நம் வீட்டை இப்படிக் கட்டலாமா என்பது நான்காவது வகை. அதற்குப் பத்தியைத் திறக்கவே வேண்டியதில்லை. டாஃபி ரஃபேல் என்ற கல்வியாளர் 1980களில் வகுத்துக் காட்டிய பிரிவு இது. கேட்பதற்கு எளிமையாக இருந்தாலும், விடையை எங்கே தேடுவது என்ற தெளிவைப் பிள்ளைக்குத் தருவதால் இதைப் பெரிதும் பயனுள்ளதாக நான் கருதுகிறேன்.

இனி, நாள்தோறும் ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் உள்ள கேள்விகளைத் தாளால் மூடிவிடுங்கள். படித்து முடித்தவுடன் உங்கள் மகன் ஒரே ஒரு கேள்வியைச் சொல்ல வேண்டும். அதன் விடை ஒரே வரியில் விரல் வைத்துக் காட்டக் கூடியதாக இருக்கக் கூடாது. இதுதான் நிபந்தனை. முதலில் அவனால் முடியாது. ஆகவே சில நாட்களுக்கு நீங்களே கேட்டுக் காட்டுங்கள். அந்தக் கேள்வி உங்களுக்கு எப்படித் தோன்றியது, எந்த வரியும் எந்த வரியும் உரசின என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவன் கேட்டதற்கு உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். பத்தியில் எந்த இடத்தில் துப்புக் கிடைக்கும் என்று மட்டும் கேளுங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம். அதிகமானால் கதையும் கட்டுரையும் விசாரணைக் கூண்டாகிவிடும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எழுத்துக் கூட்டி வாசிக்கவே திணறும் பிள்ளைக்கோ, பத்தியில் உள்ள சொற்களில் பாதிக்குப் பொருள் தெரியாத பிள்ளைக்கோ இந்த முறை உடனடியாக உதவாது. அவர்களுக்கு வாசிப்பையும் சொல்வளத்தையும் முதலில் சரிசெய்ய வேண்டும். உங்கள் மகன் அந்த நிலையைத் தாண்டிவிட்டான் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது.

கேள்வி கேட்டுப் படிப்பது என்பது மேல்நாட்டார் அண்மையில் கண்டுபிடித்தது போலப் பேசுகிறார்கள். நாங்கள் திண்ணைப் பள்ளி வழியில் மனப்பாடம் செய்தே வளர்ந்தோம், குறைந்துவிட்டோமா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோட்டையூர்

ரோஜா முத்தையா செட்டியார் நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்த ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் மகிழ்ச்சி. தாங்கள் குறைந்துவிடவில்லை, ஐயா. ஆனால் நம் மரபு மனப்பாடத்தோடு நின்றது என்பதை ஏற்க முடியாது. நன்னூலின் பாடம் கேட்டல் பகுதி தங்களுக்கு நினைவிருக்கும். நூல் பயில்வோரின் கடமைகளை அடுக்கும்போது பவணந்தியார் பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல் என்பவற்றோடு நிறுத்தவில்லை. 'வினாதல், வினாயவை விடுத்தல்' என்பவற்றையும் சேர்த்து, இவற்றைக் கடனாகக் கொண்டால் அறியாமை பெரிதும் நீங்கும் என்கிறார். மனப்பாடம் அந்த வரிசையில் ஒரு படி. நாளடைவில் அந்த ஒரு படியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டோம்.

உரை எழுதுவோருக்கும் அந்நூல் அதே விதியைத்தான் தருகிறது. கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு ஆகியவற்றோடு வினாவும் விடையும் சேர்ந்து சூத்திரத்தின் உட்பொருளைக் காட்டுவது காண்டிகையுரை என்பது அதன் இலக்கணம். நம் உரையாசிரியர்கள் தாமே ஒரு தடையை எழுப்பி, 'என்னையெனின்' என்று தாமே விடை சொல்லிக்கொண்டு போவதைத் தாங்கள் வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருப்பீர்கள். ஒரு நூலை ஆழ்ந்து படித்தவர் தம் மனத்துக்குள் நடத்திய உரையாடலை எழுத்தில் பதிந்து வைத்ததைத்தான் நாம் உரை என்று படிக்கிறோம்.

இன்னொன்றையும் தங்கள் முன் வைக்கிறேன். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்று நன்னூல் வகுத்த ஆறையும் இன்றைய பள்ளிப் பிள்ளைகள் இலக்கணமாகப் படிக்கிறார்கள். எடுத்துக்காட்டோடு எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறார்கள். ஆனால் வகுப்பறையில் அவர்கள் காதில் விழும் கேள்விகளில் மிகப் பெரும்பாலானவை அறிவினாக்களே. கேட்பவருக்கு விடை முன்பே தெரியும், பிள்ளைக்குத் தெரியுமா என்று பார்ப்பதற்காகக் கேட்கப்படுபவை அவை. பாடத்தின் பின்னால் அச்சிட்டிருப்பவையும் அந்த வகையைச் சேர்ந்தவையே. படிப்பவரைப் புரிதலை நோக்கித் தள்ளுபவை, 'இது எனக்குத் தெரியவில்லையே' என்ற அறியா வினாவும், 'இதுவா, அதுவா' என்ற ஐய வினாவும் ஆகும். அவை இரண்டும் ஆசிரியரிடமிருந்து வர முடியாது. படிப்பவரிடமிருந்துதான் வர வேண்டும். இந்த இதழில் நான் எழுதும் எல்லாப் பதில்களும் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே இருப்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள்.

சா. கணேசன் 1939இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் விழாக்களில் தாங்கள் பட்டிமண்டபம் கேட்டிருக்கலாம். இரு பாத்திரங்களில் யார் உயர்ந்தவர் என்று கேட்கும்போது, அதற்கு நேரான விடை எந்தப் பாட்டிலும் இருக்காது. இரு அணியினரும் பாடல்களுக்குள் திரும்பத் திரும்பப் போய்ச் சான்று தேடியாக வேண்டும். நன்றாக நடக்கும் பட்டிமண்டபம் ஓர் ஐய வினாவை எழுப்பி ஊரே சேர்ந்து ஒரு நூலைப் படிப்பதற்குச் சமம். வெறும் நகைச்சுவைத் துணுக்குகளாக நடப்பவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

"யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்டால் என் வகுப்பில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பிள்ளைகளைக் கேள்வி கேட்க வைப்பது எப்படி?
– ஓர் ஆசிரியை, பள்ளத்தூர்

அந்தக் கேள்விக்கு எந்த வகுப்பிலும் பதில் வராது, அம்மா. சந்தேகம் இருக்கிறது என்று கை தூக்குவது, எனக்கு விளங்கவில்லை என்று நாற்பது பேர் முன்னிலையில் ஒப்புக்கொள்வதாகும். கேட்பது குறை என்ற நினைப்பு மாறி, கேட்பதே அன்றைய வேலை என்று ஆக வேண்டும்.

அதற்கு நன்கு சோதிக்கப்பட்ட ஒரு வழி இருக்கிறது. ஆன்மேரி பலின்சார், ஆன் பிரவுன் என்ற இருவர் 1984இல் அதை வெளியிட்டார்கள். சரளமாக வாசித்தும் பொருள் புரியாமல் திண்டாடிய ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சிறு குழுவாக அமர்ந்து ஒரு பகுதியைப் படிப்பது. படித்ததைப் பற்றி ஒரு கேள்வி கேட்பது. சாரத்தைச் சுருக்கிச் சொல்வது. விளங்காத இடத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது. அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. இவ்வளவுதான் முறை. முதலில் ஆசிரியரே தலைமை ஏற்றுச் செய்து காட்டுவார்; பிறகு பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் ஆசிரியராக அமர்வார்கள். பிள்ளைகளின் கை தேறத் தேற ஆசிரியர் ஒதுங்கிக்கொள்வார். அப்படிப் பழகிய பிள்ளைகளின் புரிதல் தெளிவாக உயர்ந்தது.

'ஒரு கேள்வி கேள்' என்று வெறுமனே சொன்னால் பிள்ளைகள் திகைப்பார்கள் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். கேள்வி எழுப்பக் கற்றுக்கொடுத்த பல ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் ரோசன்ஷைனும் உடன் ஆய்வாளர் இருவரும் வெளியிட்ட கட்டுரையில், வினாச் சொற்களையோ பாதி எழுதிய கேள்விகளையோ கையில் கொடுப்பது நல்ல பலன் தருவதைக் காட்டினார்கள். நீங்கள் கரும்பலகையின் ஓரத்தில் இவற்றை எழுதி வைக்கலாம்: 'இதற்கும் முன்பு படித்த ......க்கும் என்ன தொடர்பு?', '...... நடக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?', '......உம் ......உம் எந்த வகையில் வேறுபடுகின்றன?', 'ஆசிரியர் இதை ஏன் இந்த இடத்தில் சொல்கிறார்?' கோடிட்ட இடத்தை நிரப்புவது நம் பிள்ளைகளுக்குப் பழகிய வேலைதானே. அந்தத் திறமையை நல்ல காரியத்துக்குத் திருப்பிவிடுங்கள். வாய் திறக்கத் தயங்குபவர்கள் துண்டுச் சீட்டில் பெயரில்லாமல் எழுதித் தரட்டும். பாடத்திட்டத்தை முடிக்க நேரமில்லையே என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. எல்லாப் பாடத்துக்கும் வேண்டாம். வாரத்தில் ஒரு பாடவேளை போதும்.

என் மகள் வயிற்றுப் பேரன் ஆங்கில வழியில் ஆறாம் வகுப்புப் படிக்கிறான். பெற்றோர் வெளியூரில் வேலையில் இருக்கிறார்கள். அவன் என்னிடம்தான் வளர்கிறான். எனக்கு ஆங்கிலம் தெரியாது. நான் அவனுக்கு எப்படிப் பாடத்தில் உதவுவது?
– ஓர் ஆயா, தேவகோட்டை

ஆச்சி, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதது இந்த வேலைக்கு ஒரு தகுதி. மேலே கோட்டையூர் ஐயாவுக்கு எழுதியதைப் பாருங்கள். பள்ளியில் அவனிடம் கேட்பவர்களுக்கெல்லாம் விடை முன்பே தெரியும். உங்களுக்கு உண்மையிலேயே தெரியாது. ஆகவே நீங்கள் கேட்பது அவனுக்குத் தேர்வாகத் தோன்றாது. ஒரு பக்கத்தை அவன் ஆங்கிலத்தில் படிக்கட்டும், பிறகு, "இதில் என்னப்பா சொல்லியிருக்கு?" என்று தமிழில் கேளுங்கள். தமிழில் சொல்ல வேண்டுமானால் அவன் வரியை ஒப்பிக்க முடியாது; பொருளை எடுத்தாக வேண்டும். அவன் சொல்லும்போது உங்களுக்கு விளங்காத இடத்தில் தயங்காமல் நிறுத்துங்கள். "செடி சூரிய வெளிச்சத்தில் சாப்பாடு செய்கிறது என்கிறாயே, அப்படியானால் ராத்திரியில் என்ன செய்யும்?" என்று நீங்கள் கேட்டால், அவன் புத்தகத்தை மறுபடியும் திறப்பான். அங்கே விடை இல்லாவிட்டால் மறுநாள் ஆசிரியரிடம் போய்க் கேட்பான். இரண்டும் நல்லதே.

அவனுக்குத் தோன்றும் கேள்விகளையும் தமிழிலேயே கேட்க விடுங்கள். ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், அவனால் வாக்கியம் அமைக்க முடிந்த கேள்விகள் மட்டும் வெளியே வரும். மனத்தில் தோன்றியவை உள்ளேயே தங்கிவிடும்.

அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கிறேன். வரலாற்றுப் புத்தகத்தை முழுவதும் கோடிட்டுப் படித்தாலும் ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறது. கேள்வி கேட்டுக்கொண்டு படித்தால் நேரம் இரட்டிப்பாகாதா?
– ஒரு பட்டதாரி, புதுவயல்

முதல் முறை படிக்கும்போது நேரம் கூடும். மறுபடி மறுபடி படிக்கும் நேரம் குறையும். பிரான்சிஸ் ராபின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1946இல் கல்லூரி மாணவர்களுக்காக ஒரு முறையை வகுத்தார். முதலில் அத்தியாயத்தின் தலைப்புகளை மேலோட்டமாகப் பார்ப்பது, ஒவ்வொரு தலைப்பையும் கேள்வியாக மாற்றிக்கொள்வது, விடை தேடிப் படிப்பது, புத்தகத்தை மூடிவிட்டு விடையைத் தன் சொல்லில் சொல்லிப் பார்ப்பது, பிறகு மொத்தமாகத் திருப்பிப் பார்ப்பது. இதில் பலரும் இடறுவது இரண்டாவது படியில்தான். தலைப்புக்குப் பின்னால் 'என்றால் என்ன?' என்று ஒட்டிவிட்டு அதைக் கேள்வி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

'பொருளாதாரப் பெருமந்தம்' என்ற தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 'பெருமந்தம் என்றால் என்ன?' என்று கேட்டால் ஒரு வரையறை கிடைக்கும். வாரம் முடிவதற்குள் அது மறந்துபோகும். '1929இல் நியூயார்க் பங்குச் சந்தையில் விழுந்த அடி பர்மாவின் நெல் வயலுக்கு எப்படி வந்தது?' என்று கேட்டுப் பாருங்கள். அரிசி விலை சரிந்தது, கடன் வாங்கிய உழவர்களால் திருப்பித் தர முடியவில்லை, ஈடாக வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போனது, 1930களின் இறுதிக்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நிலம், கடன் கொடுத்த செட்டிநாட்டுச் செட்டியார்கள் வசம் வந்திருந்தது, 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது அதை விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று என்று ஒரு சங்கிலியே கையில் கிடைக்கும். புதுவயலில் இருக்கும் உங்களுக்கு அதன் கடைசிக் கண்ணி பூட்டிய வீடுகளாகத் தெருவிலேயே தெரியும். 'என்ன', 'எப்போது' என்று தொடங்கும் கேள்விகள் கொள்குறி வினாவுக்கு உதவும். 'ஏன்', 'எப்படி' என்பவைதாம் அந்த விவரங்களை ஒன்றோடொன்று கட்டி வைக்கும்.

புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பார்க்கும் நான்காவது படியை விட்டுவிடாதீர்கள். ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006இல் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். உங்கள் தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வரப் போவதில்லை. கோடு போடுவதைக் குறைத்துக்கொண்டு, பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் கேள்வியை மட்டும் எழுதி வையுங்கள். திருப்புதலின்போது ஓரத்தைப் படித்துவிட்டுப் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு விடை சொல்லலாம்.

என் ஆறு வயது மகளுக்கு இரவில் கதை படித்துக் காட்டுகிறேன். வரிக்கு வரி "ஏன்? ஏன்?" என்று கேட்பதால் கதை முடிவதே இல்லை. கேட்காதே என்று சொல்லலாமா?
– ஒரு தந்தை, கானாடுகாத்தான்

சொல்ல வேண்டாம். அதே நேரம் ஒவ்வொரு 'ஏன்'னுக்கும் நீங்கள் விளக்கவுரை நிகழ்த்த வேண்டியதும் இல்லை. இழை அறுந்துவிட்டால் கதை கதையாக இருக்காது. "அது கதையிலேயே வரும், பொறுத்துப் பார்" என்று சொல்லக்கூடிய கேள்விகளுக்கு அதை மட்டும் சொல்லிவிட்டு மேலே படியுங்கள். விடை வரும் இடத்தில் அவளே கண்டுபிடித்துக் குதிப்பாள். மற்றவற்றுக்கு, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேளுங்கள். அடுத்த நாள் அதே கதையைத்தான் கேட்பாள், ஆறு வயதில் எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான். நிறுத்தி நிறுத்திப் பேசுவதற்கு அந்த இரண்டாம் வாசிப்பை வைத்துக்கொள்ளுங்கள்.